போடன்சே ஏரிக்கரையில் பத்து நாள்: எந்த ஊரில் தங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

வரும் கோடை விடுமுறையில் பத்து நாள்களைப் போடன்சே ஏரிக்கரையில் கழிக்க எண்ணியிருக்கிறோம். கான்ஸ்டன்ஸ் ஏரி என்று ஆங்கில வழிகாட்டிகளில் காணப்படுவதும், ஜெர்மானியர் போடன்சே என்று அழைப்பதும் ஒன்றே. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகள் ஒரே ஏரியின் கரையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதே எங்களை முதலில் ஈர்த்தது. ஆனால் திட்டமிட உட்கார்ந்தபோது அந்த மூன்று நாடுகளே எங்கள் குழப்பத்துக்கும் காரணமாகிவிட்டன.

நாங்கள் ஐந்து பேர்: நான், என் கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், 68 வயதான என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார். படிகளும் ஏற்றமான தெருக்களும் அவருக்கு ஆகாது. மகள் நன்றாக நீந்துவாள், மகனுக்கு நீச்சல் தெரியாது. அனைவரும் சைவ உணவு உண்பவர்கள். விமானம் ஜூரிச்சில் இறங்கி, அங்கிருந்தே திரும்பவும் புறப்படும்.

ஒன்பது இரவுகளை ஐந்து ஊர்களுக்குப் பகிர்ந்து, வாடகைக் காரில் ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டிகளைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தால் அத்தையும் சிறுவனும் களைத்துப்போவார்கள் என்பது என் அச்சம். ஜூன் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை எப்போது வேண்டுமானாலும் எங்களால் கிளம்ப முடியும். எந்த வாரம் நல்லது, எந்த ஊரில் தங்கலாம், கார் உண்மையிலேயே தேவையா, விசாவுக்கு எந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பவற்றை அங்கே சென்று வந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகள் அந்த ஏரியின் வடகரையில் வாழ்ந்தவன் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழுச் சுற்று வேண்டாம், இரண்டே ஊர்களில் தங்குங்கள், காரும் வேண்டாம்.

இதற்குக் காரணம் ஏரியின் உருவ அமைப்பு. நீளம் 63 கி.மீ., மிக அகன்ற இடத்திலும் அகலம் 14 கி.மீ.தான் என்று படிக்கும்போது, எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஓபர்சே எனப்படும் பெரிய பகுதியின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. கரையோரமாகவே சுற்றினால் ஏறத்தாழ 270 கி.மீ. போக வேண்டும். வடகரையின் முதன்மைச் சாலையான பி31, கோடையில் ஊபர்லிங்கனுக்கும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கும் இடையே வண்டிகள் ஊர்ந்து செல்லும் அளவுக்கு நெரிசலாகிவிடும். வடகரை ரயில்பாதையிலும் ராடால்ஃப்செல்லுக்கும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கும் இடையே இன்னும் டீசல் ரயில்களே ஓடுகின்றன. மேற்கிலுள்ள கொன்ஸ்டன்ஸ் நகரிலிருந்து கிழக்கிலுள்ள லிண்டாவுக்கு ரயில் மாறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் வரை ஆகும். வரைபடத்தை வைத்துக்கொண்டு போடும் திட்டம் அங்கே சென்றதும் குலைந்துபோவதற்கு இதுவே காரணம். எதிர்க்கரைக்குச் செல்ல அங்கு வாழ்பவர்கள் நம்புவது படகுகளைத்தான். கொன்ஸ்டன்ஸ் நகரின் ஷ்டாட் துறைக்கும் மேர்ஸ்பூர்க்குக்கும் இடையே கார்களையும் ஏற்றிச் செல்லும் படகு 1928 முதல் ஓடுகிறது. கடக்கக் கால் மணி நேரம்தான். இரவு பகலாக ஓடுகிறது. கொன்ஸ்டன்ஸுக்கும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கும் இடையே ஓடும் விரைவுப் படகு ஏறக்குறைய 50 நிமிடங்களில் கொண்டுசேர்த்துவிடும்.

ஆகவே முதல் ஆறு இரவுகளைக் கொன்ஸ்டன்ஸிலும் கடைசி மூன்று இரவுகளை லிண்டாவிலும் கழியுங்கள். ஜூரிச் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மாறி ஏறாமல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் கொன்ஸ்டன்ஸ் வந்துவிடலாம். பழைய நகரம் முழுவதும் ஏறக்குறைய சமதளம். துறைமுகமும் ரயில் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. துறைமுகத்தை ஒட்டி நிற்கும் பெரிய பழங்கட்டடத்தில்தான் 1417-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் எதிரே, அலைதாங்கியின் முனையில் 9 மீட்டர் உயரச் சிலை ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அதன் இரு கைகளிலும் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று உங்கள் மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். லிண்டாவின் பழைய நகரமும் ஒரு சிறு தீவுதான், அதுவும் சமதளம். துறைமுக வாயிலின் ஒரு பக்கம் கற்சிங்கமும் மறுபக்கம் 33 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கமும் 1856 முதல் நிற்கின்றன. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கப்பல்கள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அத்தைக்கு மாலைப்பொழுது போவதே தெரியாது.

மேர்ஸ்பூர்க்கைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அழகான ஊர் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஊர் கீழூர், மேலூர் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது; இரண்டையும் இணைக்கும் தெருக்கள் செங்குத்தானவை, படிக்கட்டுகளும் உண்டு. உங்கள் அத்தையின் முழங்காலை நினைத்தால் அங்கே தங்குவது தவறு. படகில் கடந்து சென்று, கீழூரின் கரையோர நடைபாதையில் ஒரு பிற்பகலைக் கழித்துத் திரும்பினால் போதும்.

எந்த வாரம் என்பதற்கு, பள்ளி விடுமுறைகளைப் பார்த்தாலே விடை கிடைக்கும். வடகரையின் பெரும்பகுதி அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில்தான் தொடங்குகிறது, பவேரியாவில் அதற்கும் பிறகு. சுவிஸ் கரையில் ஜூலைத் தொடக்கத்திலேயே விடுமுறை வந்தாலும், ஜெர்மன் கரையில் நெரிசல் உச்சத்தை அடைவது ஆகஸ்டில்தான். ஜூலையின் முதல் மூன்று வாரங்களில் நீரும் குளிக்கத் தக்க அளவுக்கு வெதுவெதுப்பாகிவிடும், அறைகளும் ஓரளவு கிடைக்கும். ஆல்ப்ஸ் பனி உருகி ரைன் ஆற்றின் வழியே வந்து சேர்வதால் ஜூன், ஜூலை மாதங்களில் ஏரியின் நீர்மட்டமும் உயர்ந்திருக்கும். மழைக்கும் ஆயத்தமாக இருங்கள். ஏரியின் கிழக்கு முனை மலைகளை ஒட்டியிருப்பதால், ஆஸ்திரிய நகரான பிரெகென்ஸ் பக்கம் கொன்ஸ்டன்ஸைவிட மிகுந்த மழை பெறும்.

ஒவ்வொரு நாளுக்கும் நான் திட்டம் போட்டுத் தரப்போவதில்லை. ஆயினும் மைனாவ் தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஏறத்தாழ 45 ஹெக்டேர் பரப்புள்ள மலர்த்தீவு அது. நகரப் பேருந்து தீவின் வாயில்வரை போகிறது. உள்ளே பாலத்தின் மீது நடந்து செல்லலாம். ஜூலையில் ரோஜாக்கள் இருக்கும், டேலியா மலர்கள் உச்சத்துக்கு வருவது அதற்குப் பிறகுதான். தீவின் நடுப்பகுதி மேடானது என்பதால் அத்தைக்கு ஒரு சக்கர நாற்காலி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. சிறுவனுக்கு உன்டர்ஊல்டிங்கன் மிகவும் பிடிக்கும். கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் இவ்வேரிக்கரையில் மக்கள் மரக்கால்கள் நட்டு வாழ்ந்த குடில்களை, 1922 முதல் அங்கே நீரின் மேலேயே மீண்டும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். பலகைப் பாதையில் நடந்து ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். ஆல்ப்ஸைச் சுற்றியுள்ள ஆறு நாடுகளின் இத்தகைய குடியிருப்புத் தடங்களை யுனெஸ்கோ 2011-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மழை பெய்யும் நாளுக்கு ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனின் செப்பலின் அருங்காட்சியகத்தை ஒதுக்கிவையுங்கள். முதல் செப்பலின் வான்கப்பல் 1900 ஜூலை 2 அன்று அந்த ஊரை ஒட்டிய விரிகுடாவில்தான் மேலெழுந்தது. ஹிண்டன்பர்க் வான்கப்பலின் ஒரு பகுதியை 33 மீட்டர் நீளத்துக்கு அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். பயணிகள் அறைகளுக்குள் ஏறிப் பார்க்கலாம்.

ஊர் மாறும் நாளையே கப்பல் நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள். கொன்ஸ்டன்ஸிலிருந்து லிண்டாவுக்குப் பயணிகள் கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரமாகப் போக நினைப்பவருக்கு அது வீண். ஆனால் மேல்தளத்தில் அமர்ந்து, ஒவ்வொரு துறையாக நின்று நின்று, எதிரே ஆல்ப்ஸ் மெல்ல மெல்ல உயர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே செல்லும் அந்தப் பயணத்தில் உங்கள் கணவர் கேட்ட ஏரிச் சுற்றின் பாதி நிறைவேறிவிடும்.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். காரைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. நாங்கள் இருமுறை சென்றோம், இரண்டு முறையும் நடக்க இயலாத என் தந்தையார் உடன் வந்தார். பேருந்து நிறுத்தத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடையே இருக்கும் எழுநூறு மீட்டர், நமக்குக் கணக்கில் வராத தூரம். அவருக்கோ அதுவே அன்றைய முழு வலிமையையும் எடுத்துக்கொண்டது. இரண்டாம் முறை கார் எடுத்து, ஹாக்னாவ் அருகே ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டின் தரைத்தளத்தில் தங்கினோம். குழந்தைகள் ஓடியாட இடம், சமைக்க அடுப்பு, வாசலிலேயே வண்டி. அந்த நிம்மதியை நகர விடுதியில் பெற முடியாது.

கார் எடுப்பதாக இருந்தால் சில செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கு ஆண்டு வில்லை, அதாவது சாலைக் கட்டணம் செலுத்தியதற்காக வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் சீட்டு, கட்டாயம். அதன் விலை 40 பிராங்க், குறுகிய கால வில்லை கிடையாது. ஜூரிச்சில் எடுக்கும் வாடகைக் காரில் பெரும்பாலும் அது ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கும். ஆஸ்திரியாவுக்கும் தனி வில்லை உண்டு. ஆனால் பிரெகென்ஸைச் சுற்றிச் செல்லும் ஏ14 சாலையில் ஹோர்பிரான்ஸ் முதல் ஹோஹனெம்ஸ் வரையிலான பகுதிக்கு 2019 டிசம்பர் முதல் வில்லை தேவையில்லை. வண்டியை மற்ற இரண்டு நாடுகளுக்கும் கொண்டுசெல்லப் போவதை வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாயால் கேட்டு உறுதி பெற்றதோடு நின்றுவிட்டோம். திரும்பி வந்தபின் கூடுதல் கட்டணம் பிடித்தார்கள், வாதாடிப் பயனில்லை.

ஹாக்னாவைப் பற்றி ஒரு செய்தி, பயணத் திட்டத்துக்குத் தொடர்பில்லாவிட்டாலும் சொல்லத் தோன்றுகிறது. ஏரி முழுவதும் உறைந்துபோகும் அரிய குளிர்காலங்களில், ஹாக்னாவுக்கும் எதிரே சுவிஸ் கரையிலுள்ள மூன்ஸ்டர்லிங்கனுக்கும் இடையே, புனித யோவானின் மார்பளவுச் சிலையை மக்கள் பனியின் மீது ஊர்வலமாகச் சுமந்து செல்வார்கள். கடைசியாக 1963 பிப்ரவரியில் அது ஹாக்னாவிலிருந்து சுவிஸ் கரைக்குப் போனது. அடுத்த முறை ஏரி உறையும்வரை அங்கேயே இருக்கும். கோடையில் அந்தக் கரையில் நின்று, இந்த நீர்ப்பரப்பின் மீது மனிதர் நடந்து சென்றார்கள் என்று சொன்னபோது என் பிள்ளைகள் நம்பவே இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஊர் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. முதலாமவர் சொல்வதுபோலப் படகையும் ரயிலையும் மட்டும் நம்பினால், தங்குமிடம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும் என்று புரிகிறது.

என்னை இப்போது அதிகமாக உறுத்துவது மகனைப் பற்றிய கவலை. கடற்கரையில் அலை இருக்கும், பயமும் இருக்கும். ஏரி அமைதியாக இருப்பதாலேயே குழந்தைகள் துணிந்து இறங்கிவிடுவார்களோ என்று நினைக்கிறேன். நீச்சல் தெரியாத சிறுவனை அங்கே நீரில் விடுவது பாதுகாப்பானதா?

மறுமொழி 3

அம்மா, உங்கள் கவலை முழுக்க நியாயமானது. இதைப் பற்றி எழுதவே இங்கே வந்தேன்.

போடன்சேயின் கரை பல இடங்களில் இருநிலையாக அமைந்திருக்கிறது. முதலில் ஆழமில்லாத, வெளிர்நிறமான, மணலும் கூழாங்கல்லும் கலந்த ஒரு மேடை நீருக்குள் நீண்டு செல்லும். பிறகு, நீரின் நிறம் சட்டென்று கரும்பச்சையாக மாறும் இடத்தில் தரை செங்குத்தாகச் சரிந்துவிடும். இந்த ஏரியின் மிகுந்த ஆழம் 251 மீட்டர். முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டே போகும் குழந்தைக்கு அந்த விளிம்பு தெரியாது. கரையில் இருக்கும் நமக்கு அது நிறமாற்றமாகத் தெரியும். ஆகையால் ஆளில்லாத அழகிய துறை எதையாவது கண்டவுடன் மகனை இறக்கிவிடாதீர்கள். ஷ்ட்ராண்ட்பாட் என்று பெயர்ப்பலகை இருக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட குளிப்பிடங்களுக்கே செல்லுங்கள். பலவற்றில் நீச்சல் தெரியாதவர்களுக்கென்று மிதவைகளால் தடுக்கப்பட்ட பகுதி இருக்கும். கொன்ஸ்டன்ஸின் ஹோர்ன் முனையிலுள்ள பெரிய குளிப்பிடத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. நிழல் தரும் மரங்களும் புல்வெளியும் இருப்பதால் உங்கள் மாமியாரும் நாள் முழுதும் அங்கே இருக்கலாம்.

காற்று நிரப்பிய மிதவைப் பொம்மைகளை நம்பவே நம்பாதீர்கள். கரையிலிருந்து உள்நோக்கி வீசும் மெல்லிய காற்றே அவற்றைக் குழந்தையோடு சேர்த்து இழுத்துச் சென்றுவிடும். உடம்போடு இறுக்கிக் கட்டும் உயிர்காப்புச் சட்டையை வாங்கி வாருங்கள்.

அடுத்தது புயல் எச்சரிக்கை விளக்குகள். மூன்று நாடுகளின் கரைகளிலும் இவை இருக்கின்றன. ஆரஞ்சு நிற விளக்கு நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள். 90 முறை மின்னினால் புயற்காற்று வரப்போகிறது என்று பொருள். ஏரியை மேற்கு, நடு, கிழக்கு என மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எச்சரிக்கை விடுவார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலைப் பிற்பகலில், இலைகூட அசையாத வெயிலில், நானும் என் கணவரும் இரு பிள்ளைகளும் மிதிபடகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சென்றோம். படகு கொடுத்தவர் விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கரையில் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் மின்னுவதை மகள் காட்டினாள். துறைமுக விளக்கு போலும் என்று நாங்கள் பொருட்படுத்தவில்லை. சிறிது நேரத்தில் அது வேகமாக மின்னத் தொடங்கியது. அதற்குள் மேற்கே வானம் ஈயநிறமாகியிருந்தது. திரும்ப மிதித்தோம், மிதித்தோம், கரை நெருங்கவே இல்லை. அலை படகுக்குள் ஏறியது. ரோந்துப் படகில் வந்தவர்கள் எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அன்று பிள்ளைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்தார்கள் என்பதை நினைத்து இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த விளக்கு மின்னத் தொடங்கியதுமே நீரிலிருந்து எல்லோரும் வெளியேறிவிட வேண்டும் என்பதை அங்கே இறங்கும் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விளக்கு எங்கே இருக்கிறது என்று காட்டியும் வையுங்கள்.

மற்றவை சிறியவை. குவாகா என்னும் அயல்நாட்டுச் சிப்பி 2016-இல் முதன்முதலாக இங்கே கண்டறியப்பட்டு, இப்போது ஏரி முழுவதும் பரவியிருக்கிறது. அதன் ஓடு காலைக் கிழிக்கும் என்பதால் நீர்க்காலணிகள் அவசியம். வெப்பம் மிகுந்த வாரங்களில் ஆழமற்ற நீரில் சிலருக்குத் தோல் அரிப்பு வரும். நீர்ப்பறவைகளின் ஒட்டுண்ணிப் புழுக்கள் தோலில் நுழைய முயல்வதால் வருவது அது. ஆபத்தில்லாதது, தானாகவே சரியாகிவிடும். கரையேறியவுடன் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். இதைக் கேட்டு நீர் அழுக்கானது என்று எண்ணிவிட வேண்டாம்: சிப்ளிங்கன் அருகே 60 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் இதே நீர்தான் ஷ்டுட்கார்ட் உட்படப் பல நகரங்களில் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேருக்குக் குடிநீராகிறது.

மறுமொழி 4

விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று இதை எழுதுகிறேன். மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். ஆனால் விமானம் இறங்கும் நாட்டில் அன்று, அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கொன்ஸ்டன்ஸும் லிண்டாவும் ஜெர்மனியைச் சேர்ந்தவை. ஆகவே ஜூரிச்சில் இறங்கினாலும் நீங்கள் ஜெர்மனிக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத குழந்தைகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ ஈடு தரும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். தங்குமிடங்களின் முன்பதிவு, ஊர் வாரியான பயணத் திட்டம், விமானச் சீட்டு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கட்டும். ஜூரிச்சில் இறங்கும் சீட்டைப் பார்த்து ஐயம் எழாதிருக்க, கொன்ஸ்டன்ஸ் ரயில் பயணத்தை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். கடவுச்சீட்டை ஒருநாள் உலாவுக்கும் கையில் வைத்திருங்கள். எல்லைகளில் சோதனை நடப்பதுண்டு.

கைப்பேசி விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஜெர்மன் கரையிலும் கப்பலிலும் இருக்கும்போதே உங்கள் கைப்பேசி சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஒன்றியத்துக்கு மட்டும் செல்லும் சிம் அட்டை வாங்கியிருந்தால், எல்லையைத் தாண்டாமலேயே கட்டணம் ஏறிவிடும். வலையமைப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஜெர்மன் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமையே காய்கறியும் பாலும் வாங்கிவிடுங்கள். சமையலறையுடன் கூடிய விடுமுறைக் குடியிருப்புகள் நிறையக் கிடைக்கும். ஆனால் உச்சப் பருவத்தில் பலர் சனி முதல் சனி வரை ஒரு முழு வாரத்துக்கே தருவார்கள் என்பதால், ஆறு இரவு என்னும் கணக்கை ஏழும் இரண்டுமாக மாற்ற நேரலாம். உணவகங்களில் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்னும் நூடுல்ஸ் வகை எங்கும் உண்டு, ஆனால் அதன் மாவில் முட்டை இருக்கும். தின்னலே என்னும் மெல்லிய அடுப்பு ரொட்டியில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவுவார்கள். ஷ்பெக் வேண்டாம் என்று சொன்னால் வெங்காயமும் புளித்த பாலேடும் மட்டும் வைத்துத் தருவார்கள்.

காரைப் பற்றி என் எண்ணம்: நகரின் நடுவில் தங்குவதாக இருந்தால் வேண்டாம், பண்ணை வீட்டில் தங்குவதாக இருந்தால் வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். ரயிலில் செல்வதாக முடிவெடுத்தால், ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் ஒரு நாள் முழுதும் வட்டார ரயில்களில் செல்ல உதவும் பாடன்-வூர்ட்டம்பெர்க் நாள் சீட்டை மறவாதீர்கள். வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகே அது செல்லும். பல ஊர்களில் தங்குவோர் செலுத்தும் சிறு வரிக்கு ஈடாக ஒரு விருந்தினர் அட்டை தருவார்கள். உள்ளூர்ப் பேருந்துகளில் அதைக் கொண்டே செல்ல முடிகிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 1 எழுதியவர்

காரைப் பற்றி நண்பர்கள் சொன்னதை ஏற்கிறேன். பண்ணை வீடு என்றால் என் வாதம் பொருந்தாது.

லிண்டாவைப் பற்றி விட்டுப்போன ஒன்று. அந்த ஊருக்கு இரண்டு ரயில் நிலையங்கள். தீவில் இருப்பது ஒன்று; 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ராய்ட்டின் நிலையம் நிலப்பகுதியில் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து ஜூரிச் செல்லும் நேரடி ரயில் ராய்ட்டினில்தான் நிற்கும், அதிலேயே விமான நிலையம்வரை போய்விடலாம். தீவு நிலையத்தில் காத்திருந்து ரயிலைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். லிண்டாவிலிருந்து பிரெகென்ஸ் பத்து நிமிட ரயில் பயணம். அங்கே ஃபென்டர் மலைக்கு, 1,064 மீட்டர் உயரத்துக்கு, கம்பிவட ஊர்தி சில நிமிடங்களில் ஏற்றிவிடும். ஏரி முழுவதையும் ஒரே பார்வையில் காண்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஏரியின் மேலேயே மேடை அமைத்து 1946 முதல் நடந்துவரும் இசைநாடக விழா ஜூலை நடுவில் தொடங்கும். நிகழ்ச்சி இரவு ஒன்பது மணியளவில் ஆரம்பிப்பதால் சிறுவனுக்கு ஏற்றதன்று. ஆனால் பகலில் கரையோரம் நடந்தாலே நீர்மேல் எழும்பி நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான அரங்க அமைப்பைக் காணலாம்.

கேள்வி கேட்டவர்

நேற்று இரவு அனைவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். ஜூலை முதல் சனிக்கிழமை கொன்ஸ்டன்ஸ், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மின்தூக்கி உள்ள ஒரு குடியிருப்பு, ஏழு இரவுகள். பிறகு கப்பலில் லிண்டா, இரண்டு இரவுகள். கார் எடுக்கவில்லை. மகனுக்கு உயிர்காப்புச் சட்டையும் அனைவருக்கும் நீர்க்காலணியும் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டன. புயல் விளக்குகளைப் பற்றிய அனுபவத்தை எழுதிய சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மகளை அருகில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

ஏரியை முழுவதும் சுற்ற முடியாமல் போனதில் என் கணவருக்குச் சிறிது வருத்தம்தான். அதற்கு ஈடாக அவரும் மகளும் மட்டும் ஒரு நாள் சைக்கிள் எடுத்துக்கொண்டு போகட்டும், நானும் அத்தையும் சிறுவனும் ஹோர்ன் குளிப்பிடத்தில் இருந்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரே நாளில் போய்த் திரும்பத் தக்க, பெரிய ஏற்றம் இல்லாத வழி ஒன்று சொல்ல முடியுமா?

மறுமொழி 1 எழுதியவர்

ரைஹனாவ் தீவுக்குப் போகச் சொல்லுங்கள். 724-இல் மடாலயம் நிறுவப்பட்ட தீவு அது. 2000-ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னம். கொன்ஸ்டன்ஸிலிருந்து மேற்கே கரையை ஒட்டிச் செல்லும் சைக்கிள் பாதையில் போனால், 1838-இல் அமைக்கப்பட்ட கரைச்சாலை ஒன்று இருபுறமும் நெட்டுயர்ந்த பாப்லார் மரங்களோடு தீவுக்குள் இட்டுச் செல்லும். உள்ளே மூன்று பழைய தேவாலயங்கள், அவற்றுக்கு நடுவே காய்கறித் தோட்டங்களும் கண்ணாடிக் கூடங்களும். ஓபர்செல் பகுதியில் உள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் சுவரோவியங்கள் ஆயிரம் ஆண்டு பழமையானவை. கோடையில் குறிப்பிட்ட நேரங்களில் வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே விடுவார்கள் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பட்டும். திரும்பும்போது களைப்பாக இருந்தால், தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் ரைஹனாவ் நிலையத்தில் ரயில் ஏறி வந்துவிடலாம்.